கோட்டைப் பேரும் முதல் ஓலையும்

முதல் மணி அடிக்கும்போதே கோவிலுக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள் பவுன் டீச்சர். பெண்கள் பக்கம், தூணை ஒட்டின அதே பெஞ்சு, அதே ஓரம். பின்னால் போய் வாசலோரமாக உட்காரலாமா என்று வரும் வழியில் ஒரு யோசனை வந்தது, அப்புறம் வேண்டாமென்று விட்டுவிட்டாள், பவுன் டீச்சர் இடம் மாறி உட்கார்ந்தாள் என்றால் இந்த ஊரில் அதுவே ஒரு சேதி, மீன் ஏலம் முடிவதற்குள் கடற்கரை வரைக்கும் போய்விடும். போகட்டும், இன்றைக்கு அதைவிடப் பெரிய சேதி ஒன்று போகத்தான் போகிறது. நற்கருணை கொடுத்து முடித்ததும் சாமியார் அறிவிப்பு வாசிப்பார், அன்பியக் கூட்டம், அசன விருந்துக்கு அரிசி, கல்லறைத் தோட்டத்துக்குச் சுண்ணாம்பு, எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் கல்யாண ஓலை. இன்னார் மகனும் இன்னார் மகளும் திருமணம் செய்ய இருக்கிறார்கள், இதற்கு விக்கினம் ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு வாசிக்கிறது வழக்கம். எத்தனை ஓலை கேட்டிருக்கிறாள் இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து. தன்னிடம் படித்த பிள்ளைகளுக்கு, அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளுக்கு. இன்றைக்கு வாசிக்கப்போவது அவளுடையது. அறுபதைத் தொட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் மாலை போட்டு, பொன்னாடை போத்தி, இனி வீட்டில் இரு என்று அனுப்பிவைத்த பிறகு, முதல் கல்யாணம். சிரிப்பார்கள். சத்தம் போட்டுச் சிரிக்கமாட்டார்கள், கோவிலல்லவா, முக்காட்டை வாயோரம் இழுத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரிப்பார்கள், அதுதான் இன்னும் மோசம். மாப்பிள்ளை மாஸ்டர்தான், அவர் போன வாரமே சொல்லிவிட்டார். "முதல் ஓலை வாசிக்கட்டும் டீச்சர். ஊர் பாக்கிற பார்வைய உங்களால தாங்க முடியலன்னா ஒரு வார்த்த சொல்லுங்க, ரெண்டாவது ஓலைய நான் நிறுத்திருதேன். எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது." வருத்தம் கிடையாதாம். சொல்லும்போது கையிலிருந்த டீ சாஸரெல்லாம் சிந்தியது. அந்த ஒரு வார்த்தையைத்தான் அவள் வாரம் பூராவும் வாயில் வைத்துக்கொண்டு திரிகிறாள், விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

எஸ்கலின் மாமி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். எப்போதும் அப்படித்தான், பவுன் டீச்சருக்குப் பக்கத்தில் எஸ்கலின் மாமி, வருஷக்கணக்காக. மாமிக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் பிரசங்கத்தில் பாதியை டீச்சரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வாள், மீதிப் பாதிக்குத் தூங்குவாள். "என்னளா, முகமெல்லாம் ஒரு மாதிரி இருக்கு, பிரஷர் மாத்திர போட்டியா?" என்றாள் மாமி. போட்டேன் மாமி என்று தலையை ஆட்டினாள். போட்டாளா? போட்டாள், அட்டையைக் கிழித்த சத்தம் நினைவிருக்கிறது, தண்ணி குடித்தது நினைவில்லை. மாத்திரை போட்டாயா என்று கேட்பதற்கு வீட்டில் ஒரு ஆள் இருந்தால் நன்றாயிருக்கும் என்று அப்பா போன பிறகுதான் முதல்முதலாகத் தோன்றியது. அதற்கு முன்னால் அவள்தான் அப்பாவைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மருந்து, கஞ்சி, படுக்கை விரிப்பு, தம்பியின் படிப்பு, தம்பி மஸ்கட்டுக்குப் போக விசா, எல்லாம் பார்த்து நிமிர்ந்தபோது, பெண் கேட்டு வருகிறவர்கள் எல்லாம் எப்போதோ வந்து போய்விட்டிருந்தார்கள். அதற்காக அவள் ஒன்றும் அழுதுகொண்டு கிடக்கவில்லை, வரலாறும் புவியியலும் நடத்தினாள், நன்றாக நடத்தினாள், பிள்ளைகள் அவள் வகுப்பென்றால் ஓடிவரும். வரவேற்புப் பாட்டு ஆரம்பித்தது. எல்லாரும் எழுந்தார்கள். ஆண்கள் பக்கம் திரும்பக்கூடாது, திரும்பவே கூடாது என்று நினைத்துக்கொண்டே திரும்பிவிட்டாள். இருக்கிறார். மூன்றாம் பெஞ்சு, கையில் குடை. மழையோ வெயிலோ, வீட்டுக்கு எதிர்த்த கடைக்குப் போனாலும் குடை. அதை விரித்து ஒருநாளும் பார்த்ததில்லை. பாட்டுக்கு உதடு மட்டும் அசைகிறது, சத்தம் வராது, அவளுக்குத் தெரியும். மாஸ்டருக்குக் கூட்டத்துக்கு நடுவில் குரல் வராது. ஊரில் அவருக்கு முகத்துக்கு முன்னால் மாஸ்டர், முதுகுக்குப் பின்னால் அரைச்சாமி. குருமடத்தில் படித்து, குருப்பட்டத்துக்கு ஒரு வருஷம் இருக்கையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டவர் அவர். பெண் விவகாரம் என்று ஊரே பேசியது, இன்னும் பேசுகிறது, எந்தப் பெண் என்பதில்தான் தெருவுக்குத் தெரு அபிப்பிராய பேதம். "சத்தியமா ஒரு பொண்ணும் கிடையாது டீச்சர், எனக்குப் பிரசங்கம் வராது. கூட்டத்தப் பாத்தா நாக்கு மேல ஒட்டிக்கிடும்" என்று அவளிடம் சொன்னார் ஒருநாள். அவள் நம்பினாள். அவ்வளவு சின்னக் காரணத்தை யாரும் இட்டுக்கட்டிச் சொல்லமாட்டார்கள். குருமடத்திலிருந்து கொண்டுவந்தது லத்தீனும் பிரெஞ்சும்தான், அதை வைத்துக்கொண்டு டியூஷன் எடுத்தார், கோவில் புத்தகங்களைத் தமிழில் பெயர்த்துக் கொடுத்தார், ஒண்டிக்கட்டையாகக் காலத்தை ஓட்டினார்.

வாசகம் படிக்கிற பெண் எபிரேயப் பேர்களில் இடறி இடறிப் போகிறாள். பாவம், யார் இடறவில்லை. எல்லாம் அந்தக் கோட்டையால் வந்த வினை. திருத்தலச் சுற்றுலா நடத்துகிற மச்சாது, கல்வாரிக்கும் கலிலேயாவுக்கும் போகிற நம் ஊர்க்காரர்கள் கையில் கொடுக்கத் தமிழில் ஒரு கைப்புத்தகம் வேண்டுமென்று மாஸ்டரிடம் வந்தார். இடமும் வருஷமும் சரிபார்க்க ஒரு வரலாற்று டீச்சர் வேண்டுமென்று மாஸ்டர் அவளிடம் வந்தார். ஒரு மாசத்து வேலை என்றார்கள். நாசரேத், கப்பர்நாகும், தாபோர் மலை எல்லாம் ஓட்டமாக ஓடியது, அதெல்லாம் பைபிளில் ஏற்கெனவே தமிழ்ப் பேரோடு இருக்கிறது. யோர்தான் பள்ளத்தாக்குக்கு மேலே, மலைமுனையில், கன்னங்கரிய கல்லில் சிலுவைப்போர் வீரர்கள் கட்டின ஒரு கோட்டை இடிந்து கிடக்கிறது, அங்கே வந்ததும் வண்டி நின்றுவிட்டது. பிரெஞ்சில் அதற்கு பெல்வுவார் என்று பேர். நல்ல காட்சி என்று அர்த்தம், மேலே நின்று பார்த்தால் ஆறும் அக்கரை மலைகளும் தெரியுமாம். "அர்த்தம் தெளிவா இருக்குல்லா டீச்சர், அப்ப அர்த்தத்தப் பெயர்ப்போம். பவுல நம்ம ஆளுவ சின்னப்பர்னு சொன்னாவ, யோவான அருளப்பர்னு சொன்னாவ. இது நற்காட்சிக் கோட்டை" என்றார் மாஸ்டர். "நற்காட்சின்னா மூக்குக் கண்ணாடிக் கடை மாதிரி இருக்கு" என்றாள் அவள். முகம் சுருங்கிவிட்டது மனுஷனுக்கு. அதோடு விட்டாளா, "சவேரியார் பேருக்குப் புது வீடுன்னு அர்த்தம்னு நீங்கதான சொன்னிய, அவியள நாம புதுவீட்டுக்காரர்னா கூப்பிடுதோம்? சவேரியார் சவேரியாராத்தான இருக்காவ" என்றாள். டீயைக் குடிக்காமல் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போனவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தாள், அன்றைக்கு ராத்திரி இரண்டு தரம் வாசல் கதவைத் திறந்து பார்த்தாள், இதென்ன, ஒரு கோட்டைப் பேருக்குச் சண்டை போட்டுவிட்டு இப்படி வழி பார்ப்பதா என்று தனக்கே வெட்கமாயிருந்தது. மறுநாள் வந்தார், கையில் ஒரு அரபுப் பேரோடு. கவ்கப் அல் ஹவா. காற்றின் நட்சத்திரம். அவர் அதைச் சொன்ன அழகு இருக்கிறதே, ஏதோ சந்தையில் நல்ல சீலா மீன் மலிவாகக் கிடைத்த மாதிரி.

எல்லாரும் உட்கார்ந்தார்கள், பிரசங்கம். புதுச் சாமியார், சின்ன வயசு, ஊருக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, யாரையும் இன்னும் சரியாகத் தெரியாது. அதுவும் ஒரு நல்லதுக்குத்தான், பழைய சாமியார் என்றால் ஓலைக்குப் போய் நிற்கும்போதே கண்ணால் சிரித்திருப்பார். மைக் இரைகிறது. மாமி கண்ணை மூடிவிட்டாள். சிரிப்பார்கள், மீன் கடையில் ரொசாரி சிரிப்பாள், டீச்சரம்மா ரெண்டு பேருக்கா மீன் என்று கேட்பாள், அதற்கு என்ன சொல்ல? ஆமா, ரெண்டு பேருக்குத்தான் என்று சொல்லவேண்டியதுதானே, அதிலென்ன இருக்கிறது, சொல்லிப் பார்த்தாள் மனசுக்குள்ளேயே, ரெண்டு பேருக்கு, நாக்கில் ஏதோ புதுப் பலகாரம் மாதிரி இருந்தது, உடனே பயம் வந்தது. அரபுப் பேர் வந்தபிறகு விஷயம் முடிந்ததா என்றால் இல்லை. எபிரேயத்தில் அதே மலைக்குக் கோகாவ் ஹயர்தேன் என்று பேர் இருந்தது, யோர்தானின் நட்சத்திரம். அங்கேயும் நட்சத்திரம், இங்கேயும் நட்சத்திரம். கோட்டை கட்டின பரங்கியர்களே சமயத்தில் கொக்கே என்றும் எழுதியிருக்கிறார்கள், கவ்கப்பைத்தான் வாயில் போட்டு மென்று அப்படித் துப்பியிருக்கிறார்கள். வந்தவன் இருந்தவன் பேரைக் கெடுக்கிறான், இருந்தவன் வந்தவன் பேரைக் கெடுக்கிறான், ஆக மொத்தம் கல் அப்படியே கிடக்கிறது. பெல்வுவார் என்று எழுதினால் பிரெஞ்சுக்காரன் சொல்கிற மாதிரி இல்லை, பெல்வோர் என்று எழுதினால் அச்சகத்துப் பையன் செல்வோர் வெல்வோர் மாதிரியா டீச்சர் என்று கேட்கிறான், முதல் எழுத்தைப் பஸ்ஸுக்குச் சொல்கிற மாதிரி சொல்வதா பல்லுக்குச் சொல்கிற மாதிரி சொல்வதா என்று தமிழில் காட்ட வழியில்லை. இங்கிலாந்தில் அதே எழுத்தில் இன்னொரு கோட்டை இருக்கிறது, அதை அங்கே பீவர் என்கிறார்கள் என்று மாஸ்டர் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு அடக்கமுடியவில்லை, மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள், அவரும் சிரித்தார், இரண்டு கிழங்கள் கோட்டைப் பேரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டன. மச்சாது போனில் கத்தினார், பிள்ளைக்குப் பேர் வைக்கிறவன்கூட இவ்வளவு நாள் எடுக்கமாட்டான் மாஸ்டர் என்று. நாள் ஆகட்டும் என்றுதான் இருந்தது அவளுக்கு. அந்தப் பக்கத்தை முடித்துவிட்டால் அப்புறம் மாஸ்டர் எதற்காக வருவார்? அப்போதே தெரிந்திருக்கிறது பார், தெரிந்துகொண்டே தெரியாத மாதிரி இருந்திருக்கிறாள். சுல்தான் சலாவுதீன் அந்தக் கோட்டையை ஒரு வருஷத்துக்கு மேல் வளைத்துக்கொண்டு கிடந்தார், மழையிலும் சேற்றிலும். கடைசியில் உள்ளே இருந்தவர்கள் கதவைத் திறந்தார்கள், அவர்கள் ஒரு சேதமுமில்லாமல் தீர் பட்டணத்துக்குப் போக வழிவிட்டார். அந்த வரியை அவள்தான் எழுதினாள், அவளுக்குப் பிடித்த வரி. மாஸ்டர் போட்ட முற்றுகை அதைவிடக் கொஞ்சம் கூட.

கடைசியில் பேரை முடிவு பண்ணினது யாரென்றால், அங்கே மச்சாதுவின் ஆட்களுக்கு வண்டி ஓட்டுகிற பூத்ரோஸ். போனில் மாஸ்டர் கேட்டார், அவளும் காதை ஒட்டிவைத்துக்கொண்டு நின்றாள், இரண்டு பேருக்கும் ஒரே போன். உங்கள் வீட்டில் அந்தக் கோட்டையை என்னவென்று சொல்வீர்கள்? பூத்ரோஸ் யோசித்துவிட்டுச் சொன்னார், எங்க அம்மா கவ்கப் என்பாள், அவ்வளவுதான், அங்கே ஒரு ஊர் இருந்தது, நாற்பத்தெட்டாம் வருஷச் சண்டையில் காலியாகிவிட்டது, அவள் ஊரைத்தான் சொல்வாள், கோட்டையை அல்ல. மாஸ்டர் போனை வைத்துவிட்டுத் தாளை எடுத்தார். "அங்கன இருந்தவிய வாய்க்கு வந்த பேரையே தலைப்பாப் போடுவோம் மாஸ்டர், மத்ததெல்லாம் கீழ வரட்டும்" என்றாள் அவள், மாஸ்டர் மறுபேச்சில்லாமல் எழுதினார். எழுதும்போது நாக்கு நுனி உதட்டோரம் எட்டிப் பார்க்கும், அவருக்கே தெரியாது. அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. பிடித்திருக்கிறது, மாஸ்டரைப் பிடித்திருக்கிறது, அதைச் சொல்ல எந்த மொழியில் தேடவேண்டும், நன்றாகவே பிடித்திருக்கிறது. புத்தகம் அச்சாகி வந்தபிறகு மச்சாது மனசிரங்கி, இரண்டு பேருமே ஒருதரம் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், டிக்கெட் என் பொறுப்பு, ஆனால் ரூம் ஒன்றுதான் ஓசி என்றார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். அதற்குப் பிறகு மாஸ்டர் பல நாள் வரவில்லை. வந்தவர் உட்காராமல் வாசலிலேயே நின்றார். "டீச்சர், ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்கப்பிடாது." கேளுங்க என்றாள். "ஒரே ரூம்ல தங்குததுக்கு ஒரு வழி இருக்கு." சொல்வதற்குள் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. மனுஷன் ஒரு ஆளுக்கு முன்னாலேயே இவ்வளவு பாடுபட்டால் கூட்டத்துக்கு முன்னால் எப்படிப் பிரசங்கம் பண்ணுவார், குருமடத்தை விட்டது நியாயம்தான் என்று நினைத்தாள். உள்ளே வாங்க, டீ போடுதேன் என்றாள். அதுதான் அவள் சொன்ன சம்மதம். வேறே ஒன்றும் சொன்னதாக நினைவில்லை.

காணிக்கைப் பாட்டு. பை வருகிறது, போட்டாள். மணி அடிக்கிறது, முழங்காலிட்டாள், முட்டி வலிக்கிறது. ஓலை வாசித்ததும் எல்லாருக்கும் தெரியப்போகிறது. உபதேசியார் சவரிமுத்துவிடம் ஓலை கொடுக்கப் போன சாயங்காலம் ஞாபகம் வருகிறது. என்ன பேர் எழுத என்று கேட்டார் அவர். "பவுன் டீச்சர்னு போடுதேன், பக்கத்துல மாஸ்டர்னு போடுதேன், அப்பத்தான் சனங்களுக்கு விளங்கும்." மாஸ்டர் விடவில்லை. ஞானஸ்நானப் புத்தகத்தை எடுங்க, அதில் உள்ளபடி ஒரு எழுத்து பிசகாமல் எழுதணும் என்றார், அவளும் ஆமா ஆமா என்றாள். புத்தகத்தில் இருந்தது மரிய பெர்ப்பெத்துவா. பெர்ப்பெத்துவாவா பெர்பேத்துவாவா, லத்தீனில் நெடில் எங்கே வருகிறது, போர்த்துகீசியர் எப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று இரண்டு பேரும் அங்கேயே ஆரம்பித்துவிட்டார்கள், மறுபடியும் கோட்டைக்கே திரும்பிப் போன மாதிரி ஒரே சந்தோஷம். மாஸ்டரின் அப்பா பேர் சந்தியாகு, மாஸ்டர் பேர் யாகப்பு, இரண்டும் ஒரே அப்போஸ்தலர்தான், அப்பாவுக்குப் போர்த்துகீசிய வழி, பிள்ளைக்கு வேறே வழி, அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார் மாஸ்டர். யோசித்துப் பார்த்தால் நம் கடற்கரைப் பேரெல்லாமே இப்படித்தான், கர்வாலோ, மோத்தா, மச்சாது, எவனோ கப்பலில் வந்தவன் மாட்டிவிட்டுப் போன சட்டை, நாம் தைத்துத் தைத்து நம் அளவுக்கு ஆக்கிக்கொண்டோம். சவரிமுத்து தலையைச் சொறிந்துகொண்டு, அவர்கள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார், வாசிக்கிற வரைக்கும் ஒருத்தர் காதிலும் போடமாட்டேன் என்றார். நற்கருணை வாங்க வரிசை நகர்கிறது. ஆண்கள் வரிசை எதிரே வருகிறது. மாஸ்டர் கை கூப்பிக்கொண்டு, குடையைப் பெஞ்சில் விட்டுவிட்டு வருகிறார், குடை இல்லாமல் ஏதோ சின்னப் பையன் போலத் தெரிகிறார். அவளைப் பார்த்தார். வேண்டாமென்றால் இன்னும் நேரம் இருக்கிறது என்பது போல ஒரு பார்வை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆண்டவரே, எனக்குச் சிரிப்பைத் தாங்கத் தெரியாது, நான் வகுப்பில்கூட ஒருநாளும் சிரிப்புக்கு இடம் கொடுத்ததில்லை. இடத்துக்கு வந்து முழங்காலிட்டு முகத்தை மூடிக்கொண்டாள்.

அறிவிப்பு ஆரம்பித்துவிட்டது. அன்பியக் கூட்டம். அசனம், அரிசி. கல்லறைத் தோட்டம். காதுக்குள் கடல் இரைகிற மாதிரி இருந்தது, முந்தானையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், சுற்றினாள். "திருமண அறிக்கை" என்றார் சாமியார். "காலஞ்சென்ற சந்தியாகு மோத்தா அவர்களின் மகன் யாகப்பு லெயோன் மோத்தாவும், காலஞ்சென்ற கஸ்பார் கர்வாலோ அவர்களின் மகள் மரிய பெர்ப்பெத்துவா கர்வாலோவும் திருமணம் செய்ய இருக்கிறார்கள். இவர்களுக்குள் ஏதேனும் விக்கினம் இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். இது முதல் ஓலை." அவ்வளவுதான். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு காத்திருந்தாள், தலைகள் திரும்பும், கிசுகிசு கிளம்பும், தோள்கள் குலுங்கும். ஒன்றும் இல்லை. யாரோ இருமினார்கள். முன்பெஞ்சில் ஒருத்தி பிள்ளைக்கு மூக்குத் துடைத்தாள். ஒருத்தரும் திரும்பவில்லை. சாமியார் தன்பாட்டுக்கு, விட்டுப்போன ஒரு அறிவிப்புக்குப் போய்விட்டார், கோவில் வாசலில் வண்டிகளைக் குறுக்கே நிறுத்தாதீர்கள் என்று. அவளுக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம் மெதுவாக விளங்கியது. யாருக்கும் தெரியவில்லை. பெர்ப்பெத்துவா என்று இந்த ஊரில் யாருக்கும் ஒரு ஆளைத் தெரியாது, அந்தப் பேர் சொல்லி அப்பாகூட அவளை ஒருநாள் கூப்பிட்டதில்லை. யாகப்பு லெயோன் எந்த ஊர்க்காரனோ. கர்வாலோவும் மோத்தாவும் தெருவுக்குப் பத்து வீடு இருக்கிறது. கோட்டைக்குப் பேர் வைக்கும்போது அங்கே இருக்கிறவர்கள் வாயைக் கேட்டார்களே, தங்களுக்கு என்று வந்ததும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போய் நின்றார்களே, உலகத்தில் வேறே எந்த ஜோடியும் இந்தத் தப்பைச் செய்திருக்காது. சிரிப்பு வந்தது. கூடவே மூச்சும் வந்தது, தப்பித்தோம். அடுத்த ஞாயிறும் இதே மாதிரி வாசித்துவிட்டுப் போவார்கள், அதற்கும் அடுத்த ஞாயிறும், ஒரு காக்காய் திரும்பிப் பார்க்காது. இல்லையென்றால் இப்போதே நிறுத்திவிட்டாலும் யாருக்கும் தெரியாது. எந்தக் கதவு வழியாகவும் சத்தமில்லாமல் வெளியே போய்விடலாம். மாஸ்டர் பக்கம் பார்த்தாள். அவருக்கும் விளங்கியிருக்கிறது. குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். லேசாகச் சிரித்தார். ஒரு கையை விட்டு, பரவாயில்லை, விடுங்க என்கிற மாதிரி சின்னதாக அசைத்தார். வருத்தம் கிடையாது என்று சொன்னாரே, அந்த முகத்தில் இருந்ததெல்லாம் வருத்தம்தான்.

மாமி விழித்துக்கொண்டு முழங்கையால் இடித்தாள். "யாருளா அந்தப் பெர்ப்பெத்துவா? வெளியூர்க்காரியா?"

தெரியாது மாமி என்றால் முடிந்துபோகும். வார்த்தை உதடு வரைக்கும் வந்தது.

"நான்தான் மாமி" என்றாள்.

"என்னது?"

"பெர்ப்பெத்துவா நான்தான். எனக்குத்தான் கல்யாணம்."

மாமி அவளை மேலும் கீழும் பார்த்தாள். தூக்கம் முழுசாகப் போய்விட்டது. "உனக்கா? அப்ப அந்த யாகப்பு யாரு?"

"நம்ம மாஸ்டர்."

"எந்த மாஸ்டரு? சத்தமாச் சொல்லேன், கேக்கல."

சாமியார் வாசித்து முடித்துவிட்டுத் தாளை மடித்துக்கொண்டிருந்தார். கோவில் முழுக்க அமைதியாக இருந்தது. எந்த மாஸ்டர் என்றால் என்ன சொல்ல, தையல் மாஸ்டர் இருக்கிறார், பாட்டு மாஸ்டர் இருக்கிறார், டீ மாஸ்டர் இருக்கிறார். மாமிக்கு விளங்குகிற பேர் ஒன்றுதான் உண்டு.

"அரைச்சாமி, மாமி" என்றாள், மாமியின் மந்தக் காதுக்கும் கேட்கிற மாதிரி. "நம்ம அரைச்சாமியத்தான் நான் கெட்டப்போறேன்."

பெண்கள் பக்கம் பூராவும் திரும்பியது. அப்புறம் ஆண்கள் பக்கம். முன்பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள், அது பின்னால் பரவியது, முக்காட்டை இழுத்துக்கொண்டு, தோள் குலுங்க, அவள் வாரம் பூராவும் பார்த்துப் பயந்த அதே சிரிப்பு. சிரித்துக்கொண்டே அவளிடம் படித்த ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இன்னொருத்தி எட்டிக் கையைப் பிடித்துக்கொண்டு, டீச்சர், நெசமாவா டீச்சர் என்றாள். மாமி அவள் கன்னத்தைத் தொட்டு முத்தம் கொடுத்தாள். மாஸ்டரின் முதுகில் யாரோ தட்டுகிறார்கள், அவர் காது இரண்டும் பழமாகச் சிவந்துவிட்டது, வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை, குடை கீழே விழுந்து உருண்டது. எடுக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

புதுச் சாமியாருக்கு ஒன்றும் புரியவில்லை. ஓலை வாசித்த கையோடு பெண்கள் பக்கம் இவ்வளவு சலசலப்பு என்றால் பாவம் அவர்தான் என்ன நினைப்பார். மடித்த தாளை மறுபடியும் பிரித்தார், மைக்குக்குப் பக்கத்தில் வந்தார். "அந்தப் பக்கம் என்ன? யாருக்காவது விக்கினம் ஏதும் தெரியுமா?"

சிரிப்பு அடங்கிவிட்டது. எல்லாரும் பவுன் டீச்சரைப் பார்த்தார்கள். அவள் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"இல்ல சாமி" என்றாள். "ஒரு விக்கினமும் இல்ல. அடுத்த ஞாயித்துக்கிழமையும் வாசிங்க."